பிரேஸிலின் வைத்தியர் ஆஸ்வால்டோ குரூஸ்

கடல் வாணிபத்தை நம்பி வாழும் தேசமொன்றின் தலைநகர்த் துறைமுகத்தை, எமன் வாயில் என்று அந்நிய மாலுமிகள் அஞ்சி விலகுவார்களானால் அத்தேசத்தின் கதி என்னவாகும்? 19-ம் நூற்றாண்டின் இறுதியில் பிரேஸில் இந்த இக்கட்டில்தான் கிடந்தது. காப்பியை விற்றே அது ஜீவித்தது. 1888-ம் வருஷம் அடிமை முறை ஒழிந்த பின்னர், காப்பித் தோட்டங்களுக்கு ஐரோப்பாவிலிருந்து குடியானவர்கள் வந்தாக வேண்டியிருந்தது. ஆனால் அப்போது தலைநகராயிருந்த ரியோ டி ஜெனிரோவில் புதிதாய்க் கால் வைத்தவர்களையே மஞ்சள் ஜுரம் முதலில் வாரிக்கொண்டு போயிற்று. 1895-ல் அங்கு வந்து நின்ற லொம்பார்டியா என்ற இத்தாலியப் போர்க்கப்பலின் சிப்பந்திகள் சுமார் 340 பேரில் 200 பேருக்கு மேல் மாண்டனர். ரியோவில் நிற்காமலே ஆர்ஜெண்டினாவுக்குப் போய்ச் சேருவதை ஒரு பெருமையாகவே சில கப்பல் கம்பெனிகள் விளம்பரம் செய்தன.

இந்த இழிவைத் துடைத்தவர் ஆஸ்வால்டோ குரூஸ். ஸாவோ பாலோ மாகாணத்தில் ஒரு சிற்றூரில், வைத்தியர் ஒருவரின் புதல்வராக 1872-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி பிறந்தார். பதினைந்தாவது வயதில் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, 1892-ல் பட்டம் பெற்றார். தண்ணீரில் வாழும் கிருமிகளைப் பற்றியதே அவர் சமர்ப்பித்த ஆராய்ச்சி. பின்னர் பாரிஸ் சென்று, பாஸ்டர் ஸ்தாபனத்தில் எமில் ரூ என்ற பேராசிரியரிடம் கிருமி சாஸ்திரத்தைக் கற்று, 1899-ல் தாயகம் திரும்பினார்.

திரும்பியவரைப் பிளேக் எதிர்கொண்டது. காப்பி ஏற்றுமதியாகும் ஸாண்டோஸ் துறைமுகத்தில் மர்மக் காய்ச்சல் ஒன்று பரவிற்று. பிளேக் என்று சொன்னால் துறைமுகம் மூடப்படும், வியாபாரம் படுத்துவிடும் என்று வர்த்தகர்கள் அதை ஒப்புக்கொள்ள மறுத்தனர். (வியாபாரத்தைக் காப்பதற்காக நோயை மறைப்பது எல்லாத் தேசத்து வர்த்தகர்களுக்கும் பொதுவான பேதைமை போலும்.) ஸாவோ பாலோவின் அடால்போ லூட்ஸ், வைட்டல் பிரேஸில் என்ற இரு நிபுணர்களுடன் குரூஸும் சேர்ந்து சோதித்து, அது பிளேக்கே என்று நிலைநாட்டினார். அவ்வேலையில் வைட்டல் பிரேஸில் தாமே பிளேக் கண்டு பிழைத்தெழுந்தார்.

பிளேக்குக்குரிய ஸீரம் அப்போது பாரிஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். வருவதற்குள் நோயாளி சுடுகாட்டுக்குப் போய்விடுவான். ஆகவே உள்நாட்டிலேயே அதைத் தயாரிக்க இரண்டு இடங்களில் ஏற்பாடாயிற்று. ஸாவோ பாலோவில் புட்டாண்டான் என்ற பண்ணையில் ஒன்று. ரியோவுக்கு வெளியே மங்கின்யோஸ் என்ற பண்ணையில் மற்றொன்று. முன்னது வைட்டல் பிரேஸிலின் பொறுப்பு. பின்னதில் 1900-ல் சாஸ்திரப் பகுதிக்குத் தலைவராய் அமர்ந்த குரூஸ், 1902-ல் முழு நிர்வாகியானார். குதிரைக்குச் சிறிது சிறிதாகக் கிருமியை ஏற்றிப் பழக்கி, அதன் இரத்தத்திலிருந்து ஸீரத்தைப் பிரித்தெடுப்பதே அங்கு நடந்த வேலை.

இரண்டு ஸ்தாபனங்கள் எதற்கு என்று கேட்கலாம். புட்டாண்டானின் பாம்பு விஷ ஆராய்ச்சியைப் பார்த்தால் விளங்கும். ஆசியாவின் நாகப்பாம்பு விஷத்துக்கென்று பிரான்ஸில் தயாரான மருந்து, பிரேஸில் பாம்புகளின் கடிக்குப் பயன்படவில்லை. அந்தந்த விஷத்துக்கு அந்தந்த மருந்தே வேண்டும் என்று வைட்டல் பிரேஸில் ருசுப்படுத்தினார். பாம்பைப் பிடித்து அனுப்பிய குடியானவனுக்குப் பதிலாக மருந்து போய்ச் சேர்ந்தது. இறக்குமதிச் சரக்கு எதற்கும் ஈடாகும் என்று நம்புவோர் இதைச் சிந்திப்பது நலம்.

1903-ல் ஜனாதிபதி ரோட்ரிகஸ் ஆல்வஸ், முப்பது வயதே நிரம்பிய குரூஸைப் பொது சுகாதார இலாகாத் தலைவராக்கினார். மஞ்சள் ஜுரம் கொசுவினால் பரவுவதென்று கியூபாவின் கார்லோஸ் பின்லே 1881-லேயே கூறியிருந்தார். 1900-ல் அமெரிக்க வைத்தியர்கள் அதை ஹவானாவில் நிரூபித்தனர். பாஸ்டர் ஸ்தாபனத்தின் தூதுகோஷ்டியொன்றும் ரியோவுக்கு வந்து, ஆராய்ந்து அதையே கண்டது. அக்கோஷ்டியிலிருந்த ஸிமோண்ட் என்பவர், தெள்ளுப்பூச்சியால் பிளேக் பரவுவதை 1898-ல் கராச்சியில் கண்டுபிடித்தவர். கராச்சியில் கற்றது ரியோவுக்கும் உதவிற்று.

கொசுப் படை வீடுவீடாய்ப் புகுந்தது. தொட்டிகளை மூடிற்று, கூரைத் தாழ்வாரங்களைச் சுத்தம் செய்தது, கந்தகப் புகை போட்டது. எலிகளைச் சர்க்கார் விலை கொடுத்து வாங்கிற்று. உடனே சிலர் வீட்டில் எலி வளர்த்து விற்கத் தொடங்கினர்! பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டுத் தள்ளின. ஆனால் 1903-ல் 500 பேருக்கு மேல் கொன்ற மஞ்சள் ஜுரம், 1908-ல் ரியோவில் 4 பேரை மட்டுமே கொன்றது.

வைசூரி விஷயத்தில் கதை வேறு. 1904 அக்டோபர் கடைசியில் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கிச் சட்டம் நிறைவேறிற்று. அத்தாட்சிப் பத்திரம் இல்லாதவனுக்கு வேலையில்லை, பள்ளிக்கூடமில்லை, விவாகமுமில்லை என்ற விதிகள் நவம்பரில் வெளியாயின. அதே சமயத்தில் நகரை அழகுபடுத்துவதற்காக ஏழைகளின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு வந்தன. வீட்டை இடித்தவனும் ஊசியுடன் வந்தவனும் ஏழையின் கண்ணுக்கு ஒருவனாகவே பட்டதில் வியப்பென்ன? ஒரு வார காலம் ரியோ கொந்தளித்தது. டிராம் வண்டிகள் கவிழ்க்கப்பட்டன. இராணுவப் பள்ளி மாணவர்களும் கிளம்பினர். சுமார் 30 பேர் மாண்டனர். பிடிபட்டவர்களில் நூற்றுக்கணக்கானோர் தொலைவிலுள்ள ஆக்ரே காட்டுப் பிரதேசத்துக்கு நாடு கடத்தப்பட்டனர். சர்க்கார் கட்டாயத்தைக் கைவிட்டது. 1908-ல் வைசூரி மீண்டும் வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு சென்றது. ஜனங்கள் தாமாகவே அம்மை குத்திக்கொள்ள வந்தனர்.

குரூஸின் சாஸ்திரத்தில் பிழையில்லை. ஆனால் ஏழையின் வாசலுக்குப் போலீஸை அனுப்பியவர், காரணத்தை எடுத்துச் சொல்லும் தொண்டரை அனுப்பவில்லை. அவர்பால் நாம் கொண்டுள்ள மதிப்பு இதைச் சொல்வதால் குறையாது. சொல்லாமல் விட்டால் அந்த மாண்டவர்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம்.

1907-ல் பெர்லின் சுகாதார மகாநாட்டில் மங்கின்யோஸ் காட்சிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மறு வருஷம் ஸ்தாபனத்துக்கே குரூஸின் பெயர் இடப்பட்டது. ஜெர்மன் நிபுணர்கள் அங்கு வந்து சேர்ந்துழைத்தனர். ஆனால் பதக்கத்தைவிட நாம் பெரிதாய்க் கருதுவது வேறொன்று. கன்றுகாலிகளைக் கொல்லும் சப்பை நோய்க்கு, அங்கு வேலை பார்த்த அல்ஸிடிஸ் கோடாய் தடுப்பு மருந்து கண்டார். அதன் உரிமையைத் தாம் வைத்துக்கொண்டு தனவானாகாமல் ஸ்தாபனத்துக்கே கொடுத்துவிட்டார். மாடு வளர்ப்போருக்கு அதை விற்று வந்த பணம் மனிதர் நோய் ஆராய்ச்சியைப் போஷித்தது. சர்க்கார் மானியத்துக்குக் கையேந்தும் நிலை பெரிதும் தணிந்தது.

ஆராய்ச்சி தலைநகரோடு நிற்கவில்லை. ரயில் பாதை போடும் கூலிகளின் மலேரியா ஜுரத்தைத் தடுக்கச் சென்ற கார்லோஸ் சாகஸ், 1909-ல் மண்சுவர் இடுக்குகளில் வாழும் ஒரு பூச்சியால் பரவும் புது நோயைக் கண்டார். அதன் கிருமிக்கு டிரிபனோஸோமா குரூஸி என்று தம் ஆசிரியர் பெயரையே சூட்டினார். 1910-ல் குரூஸ் தாமே அமேஸான் காட்டுக்குச் சென்று, மடேரா மாமோரே ரயில் பாதையில் தொழிலாளர் மடிவதைக் கண்டு, தடுக்கும் வழி கூறினார். ரப்பர் ஏற்றுமதியாகும் பெலேம் நகரை மஞ்சள் ஜுரத்தினின்று விடுவித்தார்.

சிறுநீரக நோய் அவரை வாட்டிற்று. 1916-ல் பெட்ரோபொலிஸ் நகர நிர்வாகத்தை ஏற்றவர், 1917 பிப்ரவரி 11-ந் தேதி, 44-வது வயதில் காலமானார். மங்கின்யோஸின் தலைமையைச் சாகஸ் ஏற்றார். 1937 முதல் மஞ்சள் ஜுரத்துக்கான தடுப்பு மருந்தும் அங்கேயே தயாராயிற்று. 2021-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி, கொரோனா நோய்க்கான முதல் இரண்டு தடுப்பு மருந்துகளுக்குப் பிரேஸிலில் அனுமதி கிடைத்தது. ஒன்று சீனத்தில் உருவானது, மற்றொன்று இங்கிலாந்தில். அனுமதி கோரி நின்ற ஸ்தாபனங்கள் இரண்டு: புட்டாண்டான் ஒன்று, குரூஸின் பெயர் தாங்கிய மங்கின்யோஸ் ஒன்று.