நீராவியை அடைத்தவர், நாடு திரும்பாதவர்

நமது அடுப்படிகளிற் பருப்பு அவிக்கும் பிரஷர் குக்கரின் மூதாதையை ஆக்கியவர் டெனிஸ் பாப்பின். அவரும் நம்மைப்போல் ஊருக்குத் திரும்ப வழியற்றுப் போனவரே.

1647இல் பிரான்சின் புளுவா நகரை அண்டி, புரட்டஸ்தாந்துக் குடும்பமொன்றிற் பிறந்தார். மருத்துவம் கற்றும் மனம் பொறிகளிலேயே நின்றது. பாரிசில் டச்சு அறிஞர் ஹைகன்சிடம் உதவியாளராயிருந்து, 1675இல் இலண்டன் சென்று ரொபேட் பொயிலுடன் பணியாற்றினார்.

1679இல் இறுக மூடிய கலமொன்றை ரோயல் சொசைட்டிக்குக் காட்டினார். திறந்த பானையில் எவ்வளவு விறகிட்டாலும் நீர் 100 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறாது. அவ்வெப்பநிலையில் அதன் ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்துக்குச் சமமாகிக் கொதித்து வெளியேறுகிறது. மூடியை இறுக்கினாலோ அமுக்கம் ஏறும்; கொதிநிலையும் ஏறும். இவ்வேற்றம் சீரானதன்று. 20 பாகையில் 17.5 மில்லிமீற்றர் பாதரசமாயுள்ள ஆவியமுக்கம் 100 பாகையில் 760 ஆகும். 120 பாகையில் ஏறக்குறைய அதன் இருமடங்கு. 180 பாகையிலோ பத்து மடங்கு. சற்றே கூடிய தீ கலத்தை வெடிக்கச் செய்யலாம். எனவே நெம்புகோலில் எடை தொங்கும் காப்பு வால்வொன்றைப் பாப்பின் பொருத்தினார். எம் பார்வையில் அவரது பெருஞ்சாதனை இதுவே. 1682இல் சொசைட்டி உறுப்பினர்க்கு அக்கலத்திற் சமைத்த விருந்தில் எலும்பும் மென்மையாய் வெந்திருந்தது.

1685இல் பதினான்காம் லூயி மன்னன் நான்ற் கட்டளையை இரத்துச் செய்தான். புரட்டஸ்தாந்தினர் வழிபாட்டுரிமை இழந்தனர். மதம் மாறாது பாப்பின் நாடு திரும்புதல் இயலாதாயிற்று. ஜேர்மனியின் மார்பேர்க்கிற் கணிதப் பேராசிரியரானார். உருளையொன்றில் நீராவி முசலத்தை உயர்த்தும். ஆவி குளிர்ந்து நீராகையில் அமுக்கம் வீழ, வெளிக்காற்று முசலத்தைக் கீழே தள்ளும் என 1690இல் எழுதினார். 1712இல் நியூகொமனின் எந்திரம் இவ்வழியிலேயே இயங்கியது.

1707இல், தாம் அமைத்த துடுப்புச் சக்கரப் படகிற் குடும்பத்தோடு இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டார். அது நீராவிப் படகென்று பலர் எழுதுவர்; உண்மையில் மனித வலுவால் இயங்கியதே. மியூண்டன் நகரிற் படகோட்டிகள் அதனை உடைத்தெறிந்தனர்.

இலண்டனிற் பொயில் மறைந்து பல ஆண்டுகளாகியிருந்தன. நியூற்றன் தலைமையிலிருந்த சொசைட்டியிடம் எந்திரம் அமைக்கச் சிறு தொகை கேட்டார், கிடைக்கவில்லை. 1712 ஜனவரிக்குப் பின் அவரெழுதிய கடிதமெதுவும் கிடைத்திலது. 1713 ஓகஸ்டில் இலண்டன் சென் பிரைட் தேவாலய நிலத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்ட பதிவு, மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது.