கறுப்பு வெள்ளையில் காட்டைப் பதிவு செய்தவர்: யார் இந்த மா.கிருஷ்ணன்?

பூண்டி ஏரிக்கும் பழவேற்காட்டுக்கும் இப்போ பெரிய லென்ஸோடு வரும் இளைஞர்கள் அதிகம். ஃபோகஸ் தவறினா அடுத்த நொடியே திரையில் தெரிஞ்சிடும், அழிச்சிட்டு மறுபடி எடுக்கலாம். ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் படம் விழுந்ததா இல்லையா என்றே தெரியும் காலத்தில், யானைக் கூட்டங்களுக்குப் பக்கத்தில் போய் படம் எடுத்தவர் மா.கிருஷ்ணன்.

எழுத்தாளர் வீட்டுப் பிள்ளை

1912 ஜூன் 30-ல் திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா, 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ.மாதவையா. வளர்ந்தது சென்னை மயிலாப்பூரில். அன்றைய மயிலாப்பூர் இன்றைய கான்கிரீட் காடு இல்லை. சுற்றிலும் புதர்க்காடு, அதில் நரியும் வெளிமானும் திரிந்தன. சிறுவன் கிருஷ்ணன் வீட்டில் கீரி வளர்த்தார்.

1925-ல், அவருக்கு 13 வயதானபோது அப்பா இறந்துவிட்டார். பிறகு மாநிலக் கல்லூரியில் படித்து, சட்டமும் முடித்தார். ஆனால் கோர்ட்டை விட காடுதான் இழுத்தது. 1942-ல் பெல்லாரி பக்கத்தில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று பல பொறுப்புகள். கிடைத்த நேரமெல்லாம் சுற்றியிருந்த காடுகளில்தான் கழிந்தது.

சம்பளம் வேண்டாம், எழுத்து போதும்

1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன், எழுத்தையும் கேமராவையும் நம்பி வாழ முடிவு செய்தார். நிரந்தர வருமானம் இல்லாத ஃப்ரீலான்ஸ் வாழ்க்கை எவ்வளவு ரிஸ்க் என்பது இன்றைக்கும் பலருக்குத் தெரியும். 1950-ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயற்கை பற்றி எழுத ஆரம்பித்தார். 46 வருஷம் அது நிற்கவே இல்லை. யானை, புலிக்குத் தந்த அதே இடத்தை காக்கைக்கும் அணிலுக்கும் தந்தார்.

அவருடைய கேமரா கடையில் வாங்கிய கேமரா இல்லை. வெவ்வேறு பாகங்களை இணைத்து அவரே உருவாக்கியது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று விளையாட்டாகப் பெயரும் வைத்திருந்தார். பழக்கிய யானையின் முதுகில் ஏறியோ, நடந்தோ காட்டுக்குள் போவார். கலர் ஃபிலிம் பரவலான பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை.

படமே ஆதாரம்

அழகான படம் எடுப்பதோடு அவர் வேலை முடியவில்லை. 1968-ல் ஜவாஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்தது. அதை வைத்து தென்னிந்தியக் காடுகள் உட்பட தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை நேரில் ஆய்வு செய்தார். எந்த விலங்கு எங்கே குறைகிறது, ஏன் என்பதை எழுதினார். இந்த ஆய்வை 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் புத்தகமாக வெளியிட்டது. பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. 1973-ல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இருந்தார்.

தமிழிலும் நிறைய எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன. 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார்!

இன்றைக்கு ஏன் முக்கியம்?

ஒரு நாட்டின் அடையாளம் அதன் கோயில், கலைகளில் மட்டுமில்லை, அங்கேயே விளைந்த மரம், செடி, விலங்கிலும் இருக்கிறது என்பது கிருஷ்ணனின் உறுதியான கருத்து. அதனால்தான் அழகுக்காக வெளிநாட்டு மரங்களை நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். வேம்பும் புங்கனும் இருக்கும்போது வேறு எதற்கு என்பதே அவர் கட்சி.

திருப்பாச்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை மனைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே மிச்சமிருக்கும் புதர்களை நாம் 'சும்மா கிடக்கிற இடம்' என்கிறோம். கிருஷ்ணனுக்கு இயற்கையைக் கற்றுக்கொடுத்தது மயிலாப்பூரில் இருந்த அப்படி ஒரு இடம்தான். இன்று அங்கே நரியும் இல்லை, வெளிமானும் இல்லை.

1996 பிப்ரவரி 18-ல் கிருஷ்ணன் மறைந்தார். அவரது கடைசிக் கட்டுரை அச்சாகி வந்ததும் அதே நாளில்தான்.