ரம்பை இலைக்கும் மாங்காய் இஞ்சிக்கும் பெயர் வைத்தவர்: யார் இந்த வில்லியம் ராக்ஸ்பர்க்?

ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் இருக்கிறது திருப்பாலைக்குடி. இந்தக் கடற்கரைப் பக்கம் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் நெய்ச்சோறு சாப்பிட்டிருக்கிறீர்களா? சாதாரண அரிசியில் ஆக்கினாலும் பாசுமதி மாதிரி ஒரு வாசனை வரும். காரணம், தாளிப்பில் கிள்ளிப் போடும் ரம்பை இலை. பாசுமதிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் இந்த இலையிலும் இருக்கிறது. இலங்கைச் சமையலில் கறிவேப்பிலைக்கு அடுத்த இடம் இதற்குத்தான். கடையில் கிடைக்கும் காய்ந்த பிரிஞ்சி இலை வேறு, இது வேறு. இது நீளமான பச்சை இலை, தாழம்பூ குடும்பத்துச் செடி.

இதன் அறிவியல் பெயர் பாண்டனஸ் அமரில்லிஃபோலியஸ். பெயர் வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். இந்தியத் தாவரவியலின் தந்தை என்று சொல்லப்படும் இந்த ஸ்காட்லாந்துக்காரர், தன் வேலையைத் தொடங்கியது நம்ம சென்னையில்தான்.

மெட்ராஸுக்கு வந்த டாக்டர்

1751-இல் ஸ்காட்லாந்தின் ஏர்ஷையர் பகுதியில் பிறந்தவர் ராக்ஸ்பர்க். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். அந்தக் காலத்தில் மருந்து என்றாலே செடிதான். அதனால் டாக்டருக்குப் படிப்பவர் தாவரவியலும் படிக்க வேண்டும். 1776-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக மெட்ராஸ் வந்து சேர்ந்தார்.

இங்கே அவருக்கு யோஹான் கூனிக்கின் நட்பு கிடைத்தது. தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தென்னிந்தியச் செடிகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தவர் கூனிக். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் 'கூனிகி' இவர்தான். 1785-இல் கூனிக் நோயில் விழுந்தபோது கடைசி நாட்களில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர் ராக்ஸ்பர்க்.

மிளகுத் தோட்டமும் வெள்ளமும்

1781-இல் இன்றைய ஆந்திராவில், காக்கிநாடா பக்கத்திலுள்ள சாமல்கோட்டைக்கு ராக்ஸ்பர்க் போனார். ராஜமுந்திரி மலைகளில் காட்டு மிளகுக் கொடி வளர்வதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை. மிளகு என்றாலே மலபார்தானா, இந்தக் கரையிலேயே பயிர் செய்தால் என்ன? கம்பெனிக்கும் ஆசை. தோட்டம் போட்டார்கள். ஆனால் பெரிய வியாபாரமாக அது கடைசிவரை வளரவில்லை.

1787-இல் இன்னொரு அடி. புயலும் கடல் வெள்ளமும் அந்தக் கரையைப் புரட்டிப் போட்டன. பல வருடம் சேர்த்த செடி மாதிரிகளும் புத்தகங்களும் போயின. மனுஷன் உட்கார்ந்துவிடவில்லை. முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கினார். உள்ளூர் ஓவியர்களை வைத்து ஒவ்வொரு செடியையும் வரையச் சொன்னார். இந்தச் சேகரிப்பிலிருந்துதான் 300 படங்கள் கொண்ட சோழமண்டலக் கரைத் தாவரங்கள் என்ற நூல் 1795-இலிருந்து மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது.

கல்கத்தாவில் 20 வருடம்

1793-இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் ஆனார். நாம் அதிகம் கேள்விப்படாத பல மசாலாச் செடிகளுக்கு அவர் பெயர் வைத்த காலம் இது.

• மாங்காய் இஞ்சி: பெயரில்தான் இஞ்சி, உண்மையில் மஞ்சளின் நெருங்கிய சொந்தம். வங்காளிகள் இதை 'ஆம் ஆதா', அதாவது மா இஞ்சி என்பார்கள். 1810-இல் ராக்ஸ்பர்க் அதையே எடுத்து குர்குமா அமடா என்று வைத்தார். சந்தைக்காரர்கள் சொன்ன சொல், லத்தீன் பெயராகிவிட்டது.

• பெரிய ஏலக்காய்: பிரியாணியில் கறுப்பாக, புகை வாசனையோடு வருமே, அதுதான். சிக்கிம், நேபாள மலைச் சரிவுகளில் விளைகிறது. புகை வாசனை வரக் காரணம், நெருப்புச் சூட்டில் காய வைப்பது. அமோமம் சுபுலாட்டம் என்ற பெயர் ராக்ஸ்பர்க் தந்தது.

• ராதுனி: ஓமத்தின் சொந்தக்காரச் செடி. வங்காளத்தில் பருப்புக்குத் தாளிப்பார்கள். இதன் பெயரில் ராக்ஸ்பர்க்கே இருக்கிறார்: டிராக்கிஸ்பெர்மம் ராக்ஸ்பர்கியானம்.

• ரம்பை: மொலுக்காஸ் தீவுகள் பக்கமிருந்து கல்கத்தா தோட்டத்துக்கு வந்த செடி. பூவைப் பார்த்துத்தான் செடியை அடையாளம் காண்பது வழக்கம். ரம்பையோ பூப்பதே அபூர்வம். அதனால் அமரில்லிஸ் பூச்செடி போன்ற இலை என்று, இலையை வைத்தே பெயர் அமைந்தது.

யார் பெயர் விட்டுப்போனது?

உடம்பு முடியாமல் 1813-இல் இந்தியாவை விட்டுக் கிளம்பிய ராக்ஸ்பர்க், 1815-இல் எடின்பரோவில் இறந்தார். அவருடைய வாழ்நாள் உழைப்பான 'ஃப்ளோரா இண்டிகா' முழுசாக அச்சில் வந்தது 1832-இல். அதைக் கொண்டுவந்தவர் அவருடைய நண்பர் வில்லியம் கேரி. எழுதியவருக்கு அந்தப் புத்தகத்தைக் கையில் பிடிக்கும் கொடுப்பினை இல்லை.

ஆனாலும் அவர் பெயர் தப்பித்தது. செடிகளின் அறிவியல் பெயருக்குப் பின்னால் இன்றும் ராக்ஸ்பர்க் என்பதன் சுருக்கம் நிற்கிறது. அவருக்காக 2,500-க்கும் மேற்பட்ட படங்களை வரைந்த இந்திய ஓவியர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை. இந்தச் செடி எதற்கு ஆகும், எந்தப் பகுதியைச் சமைக்கலாம் என்று காலங்காலமாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் நிலைமையும் அதேதான்.

நமக்கு இதில் என்ன?

ரம்பையை யாரும் காட்டில் போய்ப் பறிப்பதில்லை. அது மனிதர் வளர்க்கும் இடங்களில் மட்டுமே இருக்கிறது. விதையும் கிடையாது. பக்கக் கன்றைப் பிரித்து ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் அடுத்த செடி. கடல் தாண்டி வந்ததும் இப்படிக் கை மாறித்தான். கிணற்றடி இருந்த இடத்தில் மாடி வீடு வரும்போது, செடியோடு சேர்ந்து அந்த வீட்டு நெய்ச்சோற்றின் வாசனையும் போய்விடும். புத்தகத்தில் பெயர் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ரம்பை வளர்க்கும் வீட்டில் ஒரு கன்று கேட்டுப் பாருங்கள். நல்ல ஈரமும் கொஞ்சம் நிழலும் இருந்தால் பால்கனித் தொட்டியிலேயே வளரும்.