மொழிக்குப் போராடிய ‘ஓநாய்’

ஒரு காலத்தில் செர்பியா நாட்டில் பேச்சு ஒன்றாகவும் எழுத்து வேறொன்றாகவும் இருந்தன. உழவர்கள் பேசிய மொழி புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் இருந்த மொழி உழவர்களுக்குப் புரியவில்லை. இந்தத் தடைச் சுவரை இடித்துத் தள்ளியவர் ஓர் ஏழை உழவரின் மகன். கால் ஊனமுற்றவர். அவர் பெயர் வூக் கராஜிச்.

பேய்க்குப் பயந்து வைத்த பெயர்

1787-ம் ஆண்டில், திர்ஷிச் என்ற சிற்றூரில் வூக் பிறந்தார். அப்போது செர்பியா துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது.

அவருக்கு முன்பு பிறந்த குழந்தைகள் எல்லாம் சிறு வயதிலேயே இறந்துவிட்டன. சூனியக்காரிகள்தான் குழந்தைகளைக் கொன்றுவிடுகிறார்கள் என்று ஊரார் நம்பினார்கள். ஓநாயைக் கண்டால் சூனியக்காரி நெருங்கமாட்டாள் என்பதும் அவர்கள் நம்பிக்கை. ஆகவே, இந்தக் குழந்தைக்கு ‘வூக்’ என்று பெயர் வைத்தார்கள். செர்பிய மொழியில் வூக் என்றால் ஓநாய்!

வெடிமருந்தே மை

ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்த உறவினர் ஒருவரிடம் சிறுவன் எழுத்து கற்றான். மை வாங்க வழி இல்லை. வெடிமருந்தைத் தண்ணீரில் கரைத்து மையாக்கிக்கொண்டான். காகிதமும் இல்லை. துப்பாக்கித் தோட்டா செய்யும் தாளில் எழுதிப் பழகினான்.

பிறகு அவனை ஒரு மடத்தில் சேர்த்தார்கள். அங்கே படிப்பு நடக்கவில்லை. கால்நடை மேய்க்கச் சொன்னார்கள். அந்த வேலை வீட்டிலேயே இருக்கிறது என்று தந்தை மகனைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

1804-ல் துருக்கி ஆட்சியை எதிர்த்து செர்பியர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். எழுதத் தெரிந்த வாலிபர் என்பதால், வூக் புரட்சித் தலைவர்களிடம் எழுத்தராக வேலை பார்த்தார். இடையில் கடும் நோய் வந்து ஒரு கால் முடங்கிப் போயிற்று. அதன் பின் வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோல்தான்.

1813-ல் புரட்சி முறியடிக்கப்பட்டது. உயிர் தப்பிய பலர் ஆஸ்திரியாவுக்கு ஓடினார்கள். வூக்கும் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பேசுவது போலவே எழுது

வியன்னாவில் புத்தகத் தணிக்கை அதிகாரியாக இருந்தவர் கோப்பிதார். அவர் சிறந்த மொழி அறிஞர். வூக் எழுதிய கட்டுரை ஒன்று அவர் பார்வைக்கு வந்தது. அதில் கிராமத்துப் பேச்சு உயிரோடு இருந்தது. கோப்பிதார் வூக்கைச் சந்தித்தார். பாட்டுகளைச் சேகரிக்கவும், இலக்கணமும் அகராதியும் எழுதவும் தூண்டினார்.

1814-ல் நாட்டுப் பாடல் தொகுதியும் இலக்கணமும் வெளிவந்தன. 1818-ல் அகராதி வந்தது. அதில் 26 ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. எல்லாம் மக்கள் பேசிய சொற்கள்.

அந்த அகராதியில் புதிய எழுத்து முறையையும் வூக் புகுத்தினார். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. வேண்டாத பழைய எழுத்துக்களை நீக்கினார். வேண்டிய புது எழுத்துக்களைச் சேர்த்தார். மொத்தம் 30 எழுத்துக்கள். அவற்றைக் கற்றுக்கொண்டால் எந்தச் செர்பியப் புத்தகத்தையும் பிழை இல்லாமல் வாசித்துவிடலாம்.

சாராயம் கேட்ட பாடகர்

எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்களின் நெஞ்சில் அந்த நாட்டின் வீர வரலாறு பாட்டாக இருந்தது. வூக் அவர்களைத் தேடிப் பிடித்தார். பார்வை இழந்த பிலிப் விஷ்னிச் பாடியதைக் கேட்டு எழுதினார்.

மிலியா என்ற கிழவரின் கதை வேடிக்கையானது. துருக்கியரோடு போராடித் தலையில் வெட்டுப்பட்டவர் அவர். சாராயம் உள்ளே போனால்தான் பாட்டு வெளியே வரும். அதுவும் பாடத்தான் தெரியும். நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தெரியாது. நான்கு பாட்டுகளை எழுதி முடிக்க 15 நாட்களுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் யாரோ, வேலையற்றவரின் பேச்சைக் கேட்டு இங்கே உட்கார்ந்திருக்கலாமா என்று கிழவரைக் கேலி செய்தார்கள். கிழவர் கூலியை வாங்கிக்கொண்டு, சொல்லாமல் போய்விட்டார்! வூக் மறுபடி விசாரித்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்த நான்கு பாட்டுகள் மட்டும் பிழைத்தன.

வெளியே புகழ், வீட்டில் துன்பம்

இந்தப் பாடல்கள் ஐரோப்பாவையே வியக்க வைத்தன. ஜெர்மன் மகாகவி கதே வூக்கை வரவேற்றார். யாக்கோப் கிரிம் என்ற அறிஞர் வூக்கின் இலக்கணத்தை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார்.

சொந்த நாட்டிலோ எதிர்ப்பு. மாட்டுக்காரன் மொழியை இலக்கியம் ஆக்குவதா என்று படித்தவர்கள் கொதித்தார்கள். புது எழுத்துக்களில் ஒன்று லத்தீனிலிருந்து வந்தது. மதத்தைக் கெடுக்கும் சூழ்ச்சி இது என்று திருச்சபைத் தலைவர்கள் சீறினார்கள். செர்பியாவை ஆண்ட மிலோஷ் இளவரசருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வூக் அவருக்குக் கற்றுக்கொடுக்க முயன்றதும் உண்டு. அவருடைய ஆட்சியிலேயே, 1832-ல், வூக்கின் எழுத்து முறையில் புத்தகம் அச்சிடத் தடை வந்தது.

வீட்டில் வறுமை. வியன்னாப் பெண் அன்னாவை வூக் மணந்திருந்தார். 13 குழந்தைகள் பிறந்தன. பெற்றோருக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் இருவரே. இத்தனை துயரத்திலும் வூக்கின் பேனா ஓயவில்லை.

வென்றது மக்கள் மொழி

1847-ல் காற்று திரும்பியது. வூக் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அந்த ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில், மாண்டினிக்ரோ ஆட்சியாளர் நியெகோஷ், இளம் கவிஞர் ராதிசெவிச் ஆகியோர் மக்கள் மொழியில் எழுதிய கவிதை நூல்களும் வந்தன. உழவர் பேச்சில் உயர்ந்த இலக்கியம் படைக்கலாம் என்பது உறுதியாயிற்று.

1864-ல் வூக் வியன்னாவில் காலமானார். தடை முழுவதும் நீங்கியது 1868-ல்தான். தம் முழு வெற்றியை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

1897-ல் அவருடைய உடலின் எஞ்சிய பகுதியைப் பெல்கிரேட் நகருக்குக் கொண்டுவந்து, தலைமைத் தேவாலயத்தின் முன்னால் அடக்கம் செய்தார்கள். எந்தத் திருச்சபை அவரைச் சீறியதோ, அதன் வாசலிலேயே அவருக்கு இடம் கிடைத்தது!

செர்பியக் குழந்தைகள் இன்றும் கற்பது அவருடைய 30 எழுத்துக்களைத்தான். வெடிமருந்தைக் கரைத்து எழுதிப் பழகிய சிறுவன், ஒரு நாட்டுக்கே எழுத்தை எளிதாக்கிக் கொடுத்துவிட்டான்.