சோப்பு விற்ற இளைஞர் எழுதிய மூன்று பக்கங்கள்

பட்டப்படிப்பை முடிக்கப்போகும் மூத்த மாணவர்களிடம் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று கேட்டால், இப்போதெல்லாம் ‘புரொடக்ட் மேனேஜர்’ என்ற பதில் அடிக்கடி வருகிறது. தமிழில் தயாரிப்பு மேலாளர் எனலாம். ஆனால், அந்த வேலையில் இருப்பவர் நாள் முழுவதும் என்ன செய்வார் என்று கேட்டால் பலரும் சற்றுத் தயங்குகிறார்கள். பொறியாளர் உருவாக்குகிறார், விற்பனையாளர் விற்கிறார். இவருக்கு என்ன வேலை?

எனக்கும் அது தெரியவில்லை. அந்த வேலையின் தொடக்கத்தைத் தேடியபோது, கணினி நிறுவனங்களுக்கு வெகுகாலம் முன்பே ஒரு சோப்பு நிறுவனத்தில் வேலை பார்த்த 26 வயது இளைஞரைப் பற்றிப் படித்தேன். அவர் பெயர் நீல் மெக்கெல்ராய்.

ஆசிரியர் வீட்டுப் பிள்ளை

மெக்கெல்ராய் 1904ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். தாய், தந்தை இருவருமே பள்ளி ஆசிரியர்கள். சின்சினாட்டி நகரில் வளர்ந்த அவர், உதவித்தொகை பெற்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து 1925ல் பட்டம் பெற்றார்.

தொடர்ந்து வணிக மேலாண்மை படிக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். அதற்குப் பணம் சேர்க்கலாம் என்று ஊர் திரும்பி, சின்சினாட்டியில் இயங்கிய புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் சேர்ந்தார். கொடுக்கப்பட்டது கடிதங்களைக் கையாளும் எழுத்தர் வேலை. ஹார்வர்ட் பட்டதாரிக்கு அது சிறிய வேலைதான். ஆனால், தற்காலிகமாகச் சேர்ந்த அந்த நிறுவனத்திலேயே அவர் நிலைத்துவிட்டார். மேற்படிப்புக்குத் திரும்பிப் போகவே இல்லை.

கவனிப்பார் இல்லாத சோப்பு

அந்நிறுவனத்தின் செல்லப்பிள்ளை ‘ஐவரி’ சோப்பு. 1879 முதல் விற்பனையில் இருந்த அதற்கு வீட்டுக்கு வீடு பெயர் இருந்தது. 1926ல் ‘கேமே’ என்ற நறுமணச் சோப்பை நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதன் விளம்பரப் பொறுப்பு மெக்கெல்ராயிடம் வந்தது.

கேமே வெளி நிறுவனங்களின் சோப்புகளோடு மட்டும் போட்டியிடவில்லை. சொந்த வீட்டு அண்ணனான ஐவரியோடும் போட்டியிட வேண்டியிருந்தது. பணமும் கவனமும் முதலில் ஐவரிக்கே போயின. விளம்பரம், விற்பனை, உற்பத்தி எனத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஆனால், கேமே ஓர் ஊரில் ஏன் விற்கவில்லை என்று தொடக்கம் முதல் முடிவு வரை யோசிப்பதற்கென்று ஒருவர் இல்லை.

1931ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி அவர் நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். குறிப்புகள் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் வழக்கம். இவருடையது மூன்று பக்கம். பொருளியல் பெருமந்தம் நாட்டை வாட்டிய நேரத்தில், கூடுதலாக இரண்டு பேரை வேலைக்கு எடுக்க அனுமதி கேட்ட குறிப்பு அது. எதற்காக ஆட்கள் வேண்டும் என்று விளக்கப் போனபோதுதான் ஒரு புதிய வேலையே பிறந்தது.

ஒவ்வொரு சோப்புக்கும் பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும் என்றார். அவருக்கான பணிகளையும் வரிசைப்படுத்தினார். எந்த வட்டாரத்தில் எவ்வளவு சரக்கு போகிறது என்று பார்க்க வேண்டும். நன்றாக விற்கும் இடத்தில் எது கைகொடுத்தது என்று கண்டுபிடித்து, அதே முறையை மற்ற இடங்களில் பயன்படுத்த வேண்டும். விற்காத இடத்துக்கு நேரில் போய்க் கடைக்காரர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் பேசிக் குறையை அறிய வேண்டும். பிறகு திட்டம் தீட்டி, செலவுக் கணக்குக் காட்டி, நிறைவேற்றி, பலன் கிடைத்ததா என்று அளந்து பார்க்க வேண்டும்.

நிறுவனத் தலைவர் ரிச்சர்ட் டியூப்ரீ அதை ஏற்றுக்கொண்டார். ஒரே நிறுவனத்தின் இரண்டு சோப்புகள், இரண்டு தனி வியாபாரங்கள் போல இயங்கத் தொடங்கின. காலப்போக்கில் உலகின் பல நிறுவனங்கள் இந்த முறையைப் பின்பற்றின. இன்றைய தயாரிப்பு மேலாளர் வேலை இதிலிருந்து வளர்ந்ததுதான்.

இந்த வேலையின் கடினமும் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. பொறுப்பு முழுவதும் அவருடையது. ஆனால் விற்பனையாளர்களோ தொழிற்சாலை ஊழியர்களோ அவருக்குக் கீழ் இல்லை. கட்டளையிட முடியாது. விவரங்களை எடுத்துக்காட்டித்தான் அவர்களை இணங்க வைக்க வேண்டும்.

சோப்பிலிருந்து ஏவுகணைக்கு

படிப்படியாக உயர்ந்த மெக்கெல்ராய், 1948ல் அதே நிறுவனத்தின் தலைவரானார். 1957ல் அதிபர் ஐசனாவர் அவரைத் தற்காப்பு அமைச்சர் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தார். அவர் பதவியேற்பதற்குச் சில நாள்களுக்கு முன், அக்டோபர் 4ஆம் தேதி, சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. அன்றிரவு அவர் அலபாமாவின் ஹண்ட்ஸ்வில் நகரில், வெர்னர் வான் பிரவுன் உள்ளிட்ட ராக்கெட் நிபுணர்களோடு இருந்தார்.

அவருடைய அமைச்சர் வாழ்க்கை முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ராணுவத்தின் ‘ஜூப்பிட்டர்’, ஆகாயப் படையின் ‘தோர்’ ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் ஏவுகணைகள். ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையுமே தயாரிக்கச் சொன்னார். முடிவெடுக்கத் தயங்குகிறார் என்று குறைகூறினார்கள். ஒரே வீட்டில் இரண்டு சோப்புகள் போட்டியிட்டால் லாபம் வரலாம். இரண்டு ஏவுகணைகள் என்றால் மக்களின் வரிப்பணம் இரட்டிப்பாகச் செலவாகும்.

ஆனால், 1958 பிப்ரவரியில் அவர் அமைத்த ‘ஆர்ப்பா’ என்ற ஆய்வு அமைப்பு நிலைத்து நின்றது. எந்தப் படைக்கும் சொந்தமில்லாத, எதிர்காலத்துக்கான ஆய்வுகளுக்குப் பொறுப்பேற்கும் அமைப்பு அது. கவனிப்பார் இல்லாத கேமேக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று கேட்ட அதே சிந்தனையை இதிலும் பார்க்கலாம். 1969ல் அந்த அமைப்பின் கணினி வலையமைப்பு செயல்படத் தொடங்கியது. இணையத்தின் முன்னோடி அதுதான். இன்று தயாரிப்பு மேலாளர்கள் பலர் வேலை பார்ப்பது இணையத்தை நம்பிய நிறுவனங்களில்தான்.

1959 டிசம்பரில் பதவி விலகிய மெக்கெல்ராய், பழைய நிறுவனத்துக்கே திரும்பினார். 1972ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி சின்சினாட்டியில் காலமானார்.

நமக்கு என்ன?

இன்று பட்டதாரிகளைப் பயிற்சி கொடுத்துத் தயாரிப்பு மேலாளராக்கும் திட்டங்கள் உள்ளன. கூகல் 2002ல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. ஆனால், இடங்கள் குறைவு, போட்டி அதிகம். பொறியியல், விற்பனை, வாடிக்கையாளர் சேவை என வேறு வாசல் வழியாக இந்த வேலைக்கு வந்தவர்களும் உண்டு. முதல் வேலை சிறியதாக இருக்கிறதே என்று கலங்குபவர்கள், கடிதம் பிரித்த அந்த ஹார்வர்ட் பட்டதாரியை நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கு அலுவலகம்கூடத் தேவையில்லை. சென்ற ஆண்டு எங்கள் மாணவர் சங்கம் நடத்திய கலைநிகழ்ச்சியில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. சுவரொட்டி சரியில்லை என்று எங்களுக்குள் பேசி முடித்துவிட்டோம். வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. இந்த ஆண்டு அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.