பெத்லகேமுக்குக் குறவஞ்சி பாடியவர்

திருகோணமலைத் துறைமுகப் பகுதித் தமிழ்த் திருச்சபைகளில் கிறிஸ்துமஸ் மாலையன்று கீர்த்தனை கேட்டு உருகும் அன்பர்கள், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நினைத்தல் தகும். 1774ஆம் ஆண்டு நெல்லையில் பிறந்த அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார் சுவார்ட்ஸ் பாதிரியார். பின்னாளில் மன்னரான சரபோஜி அவருடைய நண்பர்.

குறத்தி குறி சொல்லும் நாட்டு வழக்கை மேற்கொண்டு அவர் பெத்லகேம் குறவஞ்சி இயற்றினார். அதனைப் பலர் முன் பாடியும் காட்டினார். பின்வந்த பாதிரிமார் சிலர் ஆலயத்தில் தமிழிசைக் கீர்த்தனை கூடாது என்றனர். சாஸ்திரியார் பணிந்தாரல்லர், வாதாடினார், எழுதினார். சாதி வேற்றுமையையும் அதே பிடிவாதத்தோடு ஆதரித்தது அவருடைய குறையே.

1864இல் அவர் மறைந்தார். அவர் காத்த இசையோ இன்றும் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் கிறிஸ்து பிறப்பை அறிவிக்கின்றது.