சி.வி. இராமன் பிள்ளை: வரலாறும் புனைவும்

பத்மநாபபுரம் அரண்மனையைக் காண வருவோரில் பலருக்கு மார்த்தாண்டவர்மரை அறிமுகம் செய்தது கல்வெட்டும் அன்று, ஓலைச்சுவடியும் அன்று. மலையாளப் புதினம் ஒன்றே. அதனை இயற்றியவர் சி.வி. இராமன் பிள்ளை. ஒரு நாட்டின் கடந்த காலத்தைத் தம் கற்பனையால் நிரப்பி, அதனை மக்கள் வரலாறென்றே நம்பும்படி செய்த பேராற்றலும், அதனால் நேர்ந்த பெருஞ்சிக்கலும் அவர் வாழ்வோடு பிணைந்தவை.

திருவனந்தபுரத்தில் 1858 மே 19ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை நீலகண்ட பிள்ளை வடமொழி வல்லவர். இராமன் பிள்ளை 1881இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் பயிலச் சென்னை சென்றார், அக்கல்வி நிறைவுறவில்லை. ஆயினும் வால்டர் ஸ்காட்டின் புதினங்கள் அவரை ஆட்கொண்டன. மறைந்த வாரிசு, மாறுவேடம், பிரிந்த காதலர், இறுதியில் அரியணை என்னும் கட்டமைப்பை அவற்றிலிருந்தே அவர் கற்றார். ஸ்காட்டும் வரலாற்றுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். டியூடர் அரசி எலிசபெத்தின் காலத்தைப் பாடும் ‘கெனில்வொர்த்’ புதினத்தில், 1560இலேயே இறந்துவிட்ட ஏமி ராப்சார்ட்டை 1575ஆம் ஆண்டு விழாவில் உயிரோடு நடமாடவிட்டவர் அவர்.

‘மார்த்தாண்டவர்மா’ 1891இல் வெளிவந்தது. வேணாட்டரசர் இராமவர்மரின் இறுதிக் காலம். இளவரசரை ஒழிக்க அரசரின் மக்களான தம்பிமாரும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் சூழ்ச்சி செய்கின்றனர். பத்மநாபபுரமும் சாரோட்டுக் கொட்டாரமும் கதைக்களமாகின்றன. சங்குண்ணி மேனோன் 1878இல் எழுதிய திருவிதாங்கூர் வரலாறு அவருக்கு எலும்புக்கூட்டைத் தந்தது. தசையும் குருதியும் அவருடையவை. சுபத்திரை என்னும் ஒப்பற்ற பெண் பாத்திரம் எந்த ஆவணத்திலும் இல்லாதவள். எனினும் மன்னரை நினைப்போர் அவளையும் சேர்த்தே நினைக்கின்றனர்.

நாஞ்சில் நாட்டிலோ இதே நிகழ்ச்சிக்கு வேறொரு வடிவம் உண்டு. தம்பிமார் கதை இங்கு வில்லுப்பாட்டாகப் பாடப்பெற்று வந்தது. அரசர் சுசீந்திரத்தில் கண்டு விரும்பிய அபிராமியின் மக்களே பப்புத்தம்பியும் இராமன் தம்பியும். அவர்கள் தங்கையை மார்த்தாண்டவர்மர் மணம் கேட்டதும், அவள் வயிற்றில் பிறக்கும் மகனுக்கே அரசுரிமை வேண்டுமென்று தம்பிமார் கேட்டதும், மன்னர் மறுத்ததுமே பகைக்கு வித்து என்கிறது பாடல். அங்கே அவர்கள் கொடியவர் அல்லர். நாகர்கோவிலில் வெட்டுண்டு மாண்ட வீரர்கள். மருமக்கள் வழியால் பெற்ற மக்களே சொத்திழந்து நின்ற கொடுமையை 1926ஆம் ஆண்டு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வரும்வரை இம்மண் அறிந்திருந்தது. கவிமணி அதனை மான்மியமாகவே பாடினார். அத்தகைய மண்ணில் அரசன் பெற்ற மக்களின் துயரம் செவிக்கு எட்டியதில் வியப்பில்லை. புதினத்தில் அக்குரல் ஒலிக்கவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. இளவரசரைக் காக்கும் பித்தர் சான்றான், வேடம் கலைந்ததும் உயர்குடிப் பிள்ளையான அனந்தபத்மநாபனாகிறான். மன்னருக்குத் துணைநின்ற அனந்தபத்மநாப நாடாரைத் தம் முன்னோராகப் போற்றும் மரபு குமரி மாவட்டத்தில் இன்றளவும் வாழ்கிறது. புனைவில் ஒரு வேடமாக வந்தது, அம்மக்களுக்குத் தம் குலத்தின் பெருமையாகும்.

இராமன் பிள்ளை அரசியல் அறியாதவர் அல்லர். புதினம் வெளிவந்த அதே 1891இல், அரசுப் பணிகளில் மண்ணின் மக்களுக்கு இடம் கோரி 10,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட மலையாளி விண்ணப்பத்திற்குத் துணைநின்றார். மன்னரைக் காத்தவர் இந்நாட்டு மக்களே என்னும் புதினத்தின் குரலை அவ்விண்ணப்பத்தோடு இணைத்துப் படித்தால், தம்பிமாரின் வழக்கு ஏன் எடுபடவில்லை என்பது விளங்கும்.

எனினும் அவர் தம் நூலை வரலாறு என்று சொன்னதில்லை. வரலாற்றுப் புனைவு என்றே பெயரிட்டார். உயர்நீதிமன்றத்தில் எழுத்தராகத் தொடங்கி அரசு அச்சகக் கண்காணிப்பாளராக உயர்ந்த பின்னர், 1913இல் ‘தர்மராஜா’வை வெளியிட்டார். அதில் பிள்ளைமார் வழித்தோன்றல் பழிதீர்க்க யோகியாய் வருகிறான். அவனை வெறும் பகைவனாக்காமல், அழிந்த குடியின் வேதனையைச் சுமப்பவனாக ஆக்கினார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தாம் செவிமடுக்காத பக்கத்தைப் பிற்காலத்தில் ஓரளவேனும் கேட்ட படைப்பாளி அவர். குன்னத்தூரில் பிறந்த இராஜா கேசவதாசரைப் போற்றும் ‘இராமராஜ பகதூர்’ அதன்பின் வந்தது. 1922 மார்ச் 21ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து 11 ஆண்டுகள் கழித்து, நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் ‘மார்த்தாண்டவர்மா’வை மௌனப் படமாக்கினார். புதினத்தின் உரிமை பெற்றிருந்த பதிப்பகம் வழக்குத் தொடுக்க, படம் முடங்கியது. எஞ்சிய படச்சுருள் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஒரு புனைவின் உரிமை யாருக்கு என்பதை நீதிமன்றம் ஆராய்ந்தது. அப்புனைவால் மறைக்கப்பட்டோரின் உரிமையைப் பேச வில்லுப்பாட்டன்றி வேறு மன்றம் இருக்கவில்லை. இராமன் பிள்ளையின் புதினத்தைக் கலையாகப் போற்றுவோர், தம்பிமார் கதையையும் அதனருகே வைத்துப் படிப்பதே அவருக்கும் இம்மண்ணுக்கும் செய்யும் நீதியாகும்.